காசை வெட்டியவர்

“இந்தக் காயத்தை ஆத்தணுங்க டீச்சர். நீங்க என்ன சொல்றீங்க?”

சென்னியப்பன் உள்ளங்கையை நீட்டினார். அதில் ஒரு வெள்ளிக்காசு இருந்தது. ரோமாபுரிக் காசு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கப்பலேறி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குநாட்டுக்குள் வந்தது.

காசில் ஒரு ராஜாவின் முகம். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் குறுக்கே ஓர் உளிவெட்டு.

தமயந்தி டீச்சர் காசைப் பார்த்தார். எடுக்கவில்லை.

சென்னியப்பன் கரூரில் ஜவுளி ஏற்றுமதி செய்கிறவர். அறுபதைத் தாண்டிவிட்டார். அமராவதியில் வெள்ளம் வந்து வடிந்ததும் மணலைச் சலிக்கிறவர்கள் உண்டு. சல்லடையில் வெள்ளியாக எது மினுங்கினாலும் நேராக அவர் வீட்டுக்கு வந்துவிடும். அப்படிச் சேர்த்த காசுகள் பீரோவில் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன.

டீச்சர் அவரைவிட இருபது வயது சின்னவர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறார். அந்தப் பக்கத்தில் பழங்காசு கிடைத்தவர்கள் எல்லாரும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். ஆனால் தனக்கென்று அவர் ஒரு காசுகூட வைத்துக்கொண்டதில்லை. ஏன் என்று கேட்டால், “அதான் பார்த்தாச்சுங்களே” என்பார்.

மகள் வயசுக்காரியிடம் போய்ப் பாடம் கேட்பதில் சென்னியப்பனுக்கு முதலில் கூச்சம் இருந்தது. அதெல்லாம் போய் வெகுநாளாயிற்று.

அன்றைக்கு அவர் மனம் புண்பட்டு வந்திருந்தார்.

சென்னையில் காசுக் கண்காட்சி நடக்கும். போன தடவை அவரும் மேஜை போட்டிருந்தார். வந்தவர்கள் ஆசையாகக் குனிந்தார்கள். வெட்டைக் கண்டதும், “அடடா, வெட்டுப்பட்டது” என்று நிமிர்ந்து அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்கள். பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது அவருக்கு. அடுத்த கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது.

“எந்தப் பாவிங்க டீச்சர் இப்படிச் செஞ்சான்? கண்ணும் மூக்குமா இருக்கிற முகத்துல உளியை வைக்க எப்படி மனசு வந்துச்சு?”

உள்ளே இருப்பது வெள்ளிதானா என்று சோதிக்க வெட்டினார்கள் என்று சிலர் சொல்வார்கள். வேற்று ராஜாவின் முகம் இங்கே செல்லக்கூடாது என்று வெட்டினார்கள் என்று சிலர் சொல்வார்கள். இதையெல்லாம் டீச்சரே முன்பு அவருக்குச் சொல்லியிருக்கிறார். 

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு காசை எடுத்தார். கோயமுத்தூரில் கனகசபை ஆசாரி என்று ஒருவர், வெட்டுக்குள் வெள்ளியை உருக்கி ஊற்றி, அரத்தால் ராவி, மெருகு போட்டுத் தருகிறார் என்று விளக்கினார். முதலில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்ததாகவும், திருப்தியாக இருந்ததால் ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்துவிட்டு வந்திருப்பதாகவும், மிச்சத்தையும் அடுத்த வாரம் கொடுக்கப் போவதாகவும் சொன்னார்.

“தொட்டுப் பாருங்க. வெட்டு இருந்த இடமே தெரியாதுங்க.”

இந்தக் காசை டீச்சர் வாங்கினார். கட்டைவிரலால் தடவினார். ஜன்னல் பக்கம் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

“இதுல ஒருத்தர் இருந்தாரே. எங்கே போனாருங்க?”

“இருக்காரே. ரோமாபுரி ராஜா டைபீரியஸ்.”

“இவர் இல்லீங்கண்ணா.”

காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உலையில் அரிசி போட உள்ளே போய்விட்டார்.

சென்னியப்பன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். டீச்சர் வரவில்லை. எழுந்து வீட்டுக்கு வந்தார்.

அந்த வாரம் பூராவும் அவருக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. காசின் முன்பக்கம் ராஜா இருக்கிறார். பின்பக்கம் நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். வேறு யார் இருந்தார்கள், எங்கே போனார்கள்? பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். ஆசாரி போட்ட மெருகுதான் கண்ணைக் கூசச் செய்தது.

புரியாத பேச்சுப் பேசுகிறாள் என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். புரியவில்லையென்றால் போய்க் கேட்க வேண்டியதுதானே, இங்கே உட்கார்ந்து தட்டைத் தட்டைத் திறந்து மூடினால் ஆச்சா என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மிச்சமிருந்த வெட்டுக்காசுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அவற்றுக்குத் தட்டில் இடம் கிடையாது. டப்பாவோடு சரி.

டீச்சர் வீட்டு முற்றத்தில் ஒரு கருங்கல் கிடந்தது. அதன் மேல் உளி, சுத்தியல். பக்கத்தில், நசுங்கிப்போன ஒரு வெள்ளிக் கிண்ணத்தை நறுக்கிக் காசளவுக்கு வட்டம் வட்டமாக்கிய துண்டுகள். அந்தக் கிண்ணத்தில்தான் டீச்சர் விருந்தாளிகளுக்குப் பாயசம் தருவார். சென்னியப்பனும் குடித்திருக்கிறார்.

“வெட்டுங்க,” என்றார் டீச்சர்.

“நானுங்களா?”

“நீங்கதான்.”

சென்னியப்பன் கல்லுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துண்டின் மேல் உளியை வைத்து ஓங்கி அடித்தார். துண்டு துள்ளி மல்லிகைச் செடிக்குள் போய் விழுந்தது.

அடுத்ததில் உளி வழுக்கியது. ஒரு கீறல் மட்டும் விழுந்தது.

அதற்கடுத்த அடி கட்டைவிரலில் விழுந்தது.

டீச்சர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சென்னியப்பன் விரலை முக்கி எடுத்தார்.

“வெட்டுங்க,” என்றார் டீச்சர் மறுபடியும்.

வெயில் முற்றத்தில் பாதி ஏறிவிட்டது. மெதுவாக அடித்தால் பதியவில்லை. வேகமாக அடித்தால் நிற்கவில்லை. உளியைப் பிடிக்கிற கை கெட்டியாக இருக்க வேண்டும், ஆனால் விறைத்துவிடக்கூடாது. அடிக்கிற கை உளியைப் பார்க்கக்கூடாது. அதுவாக வந்து விழ வேண்டும். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. அடிபட்ட விரல் சொல்லித் தந்தது.

கடைசியில் ஒரே ஒரு வெட்டு நேராக, ஆழமாக விழுந்தது. சென்னியப்பன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“லேசுப்பட்ட வேலை இல்லீங்க டீச்சர்.”

டீச்சர் தகர டப்பாவைத் திறந்து காசுகளை வெள்ளைத்துணியில் கொட்டினார். பூதக்கண்ணாடியை அவர் பக்கம் தள்ளினார்.

“இப்ப இதைப் பாருங்க. முகத்தைப் பார்க்காதீங்க.”

முறத்தை எடுத்துக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்து மொச்சை உரிக்க ஆரம்பித்தார்.

சென்னியப்பன் காசுகளை முகம் நேராகத் தெரியும்படி திருப்பி வைத்தார். முகத்தைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. அத்தனை வருஷமும் அதைத்தானே பார்த்து வந்தார். மூக்கை வைத்தே இன்ன ராஜா என்று சொல்லிவிடுவார். வலுக்கட்டாயமாகக் கண்ணை இழுத்து வெட்டின் மேல் வைத்தார்.

முதல் காசு. பள்ளம் சுத்தமாக இருந்தது. இரண்டு பக்கச் சுவரும் நேராக நின்றன. ஒரே அடி. ஒரே அடி என்றால் என்னவென்று அவருக்கு இப்போது தெரியும்.

அடுத்த காசு. அதுவும் ஒரே அடி.

அதற்கடுத்த காசில், பள்ளத்தின் அடியில், மெல்லிய நூல் மாதிரி ஏதோ கிடந்தது. ஊதிப் பார்த்தார். போகவில்லை. துணியால் துடைத்தார். போகவில்லை. நூல் இல்லை, வெள்ளிதான். பள்ளத்துக்குள் மேடாக நின்றது.

உளியின் முனையில் ஒரு சின்ன உடைசல் இருந்தால் அந்த இடத்தில் வெள்ளி வெட்டுப்படாமல் நிற்கும். காலையிலிருந்து உளி பிடித்த கைக்கு அது புரிந்தது.

முதல் காசை மறுபடி எடுத்தார். அதிலும் இருந்தது. பள்ளத்தின் ஒரு முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி, அதே இடத்தில்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தார். ஒரே உளி. ஒன்று அமராவதி மணலில் கிடைத்தது. இன்னொன்று பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கவுண்டர் கிணற்றுக்கு ஆழம் வெட்டியபோது வந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது அவருடைய தகர டப்பாதான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் நிமிரவில்லை. மொச்சை மட்டும் முறத்தில் விழுந்துகொண்டிருந்தது.

ஒவ்வொன்றாக எடுத்தார். உடைசல் இல்லாதவற்றை ஒதுக்கினார். உடைசல் உள்ளவை கூடிக்கொண்டே போயின.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தான் வெட்டிய துண்டுகளில் எல்லா வெட்டுகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. காசுகளில் வெட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. உளியை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கல்லைச் சுற்றி வந்து உட்கார்ந்து பார்த்தார். வரவில்லை.

பிறகு, சுத்தியலை இடது கைக்கு மாற்றினார்.

அடித்தார். கோணலாகத்தான் விழுந்தது. ஆனால் சாய்வு அப்படியே வந்துவிட்டது.

சுத்தியல் பிடித்த இடது கையைக் கீழே இறக்காமல் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார்.  அந்தக் கை தன்னுடையதா என்று ஒரு கணம் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

“இடக்கைக்காரர்,” என்றார்.

“அடுக்குங்கண்ணா,” என்றார் டீச்சர்.

எப்படி அடுக்குவது என்று அவர் கேட்கவில்லை. சில காசுகளில் அந்த மேடு நூல் போல இருந்தது. சிலவற்றில் நெல்முனை அகலத்துக்கு இருந்தது. உளி வேலை செய்யச் செய்ய உடைசல் பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது. சின்ன உடைசல் முந்தியது, பெரிய உடைசல் பிந்தியது. துணியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் வரிசையாக வைத்துக்கொண்டு போனார்.

டீச்சர் தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போயிற்று.

வரிசையின் ஆரம்பத்தில் இருந்த காசுகளில் வெட்டு வழுக்கியிருந்தது. காசைத் தப்பவிட்ட கீறல்கள். காலையில் தான் செய்த கூத்தெல்லாம் அதில் இருந்தது. சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது.

கொஞ்சம் தள்ளி வெட்டுகள் நேராயின. அப்புறம் நீளத்துக்கு ஒரே அடிதான். தயக்கமே இல்லை. ராஜாவின் முகம் யாருடையதாக இருந்தாலும் நடுவில், ஒரே ஆழத்தில். பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. அதை அழகு என்று நினைத்ததற்காக அவர் தன்னையே ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

வரிசையின் அந்தக் கோடியில் ஒரு காசில் இரண்டு அடி விழுந்திருந்தது. அடுத்ததில் மூன்று. அதற்கடுத்ததில் பள்ளத்தின் ஓரத்தில் உளி சறுக்கிய தடம்.

உளி மழுங்கிவிட்டது என்று நினைத்தார். உற்றுப் பார்த்தார். பள்ளத்தின் விளிம்பு கூர்மையாகவே இருந்தது. அப்போதைக்கப்போது, உடைசல் போகாத அளவுக்கு லேசாகச் சாணை பிடித்திருக்கிறார். மழுங்கியது உளி இல்லை.

சென்னியப்பன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். காலையிலிருந்து உளி பிடித்ததில் அவருடைய விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. நரம்பு எழும்பிய கை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வயசாயிருக்குங்க,” என்றார்.

மொச்சை விழுகிற சத்தம் நின்றது. டீச்சர் எழுந்து வந்து துணிக்கு எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தார். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், அப்புறம் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். வெட்டியவர் ஒருவர் இருக்கிறார் என்றுதான் டீச்சருக்குத் தெரியும். அவருடைய ஆயுசே இதில் இருக்கிறது என்று தெரியாது.

 துணியை மிதித்துவிடுமோ என்று, உள்ளே வந்த பூனையை டீச்சர் மெல்லத் தூக்கி அப்பால் விட்டார்.

நடு வரிசையில் ஓரிடத்தில் மேடு சட்டென்று பெரிதாகியிருந்தது. இடையில் சில காசுகள் இல்லை. ஆசாரியிடம் அள்ளிக் கொடுத்த காசுகள் சென்னியப்பனுக்கு நினைவு வந்தன.

எழுந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் காரில் ஏறினார். வழியெல்லாம் ஆசாரிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை.

கனகசபை ஆசாரியின் பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. சென்னியப்பன் மூச்சிரைக்க நுழைந்தபோது, ஆசாரி முகம் மலர்ந்து ஒரு சிவப்பு வெல்வெட்டுத் துணியை விரித்துக் காட்டினார். அதில் ராஜாக்கள் படுத்திருந்தார்கள். மாசு மருவில்லாமல், நேற்றுப் பிறந்தவர்கள் மாதிரி.

இதைப் பழையபடி ஆக்க முடியுமா என்று சென்னியப்பன் கேட்டார். ஊற்றிய வெள்ளியைத் தோண்டி எடுத்துவிடலாம், ராவியதில் பள்ளத்தின் ஓரமும் அடியும் போய்விட்டன, அது திரும்பி வராது என்றார் ஆசாரி. பிறகு, வேலையில் ஏதாவது குறையா என்று கவலையோடு கேட்டார்.

“உங்க வேலையில ஒரு குறையுமில்லீங்க.”

சென்னியப்பன் வெல்வெட்டை மடித்து எடுத்துக்கொண்டார். ஒருவருடைய ஆயுசின் நடுவிலிருந்து நல்ல நாட்களாகப் பார்த்துப் பிய்த்து எடுத்தது போல அவருக்கு இருந்தது. வாசல் வரை போனவரை ஆசாரி கூப்பிட்டு நிறுத்தினார்.

“இது ஒண்ணு மட்டும் செய்யலீங்க. இதுல அடைக்க ஒண்ணுமில்லை. வெட்டே கிடையாது, சும்மா ஒரு கோடு. தேய்ச்சா போயிரும். தேய்ச்சுத் தரட்டுங்களா?”

பதில் சொல்வதற்கு முன்னாலேயே சென்னியப்பன் அந்தக் காசை வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் கண்காட்சிக்காரர்களைக் கூப்பிட்டு, தன் மேஜையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். உடம்பு ஏதாவது சரியில்லையா என்று அவர்கள் விசாரித்தார்கள்.

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்கு ஒருத்தர் வந்திருக்காருங்க. விட்டுட்டு வர முடியாது.”

சாயந்திரம், பள்ளிக்கூடம் விட்டு டீச்சர் வருவதற்காக அவர் வீட்டு வாசலில் காத்திருந்தார்.

முற்றத்தில் மறுபடியும் துணி விரித்தார்கள். காசுகளை வரிசையாக வைத்தார்கள். வரிசையின் கடைசியில், எல்லாவற்றுக்கும் அப்புறமாக, ஆசாரி தொடாத காசைச் சென்னியப்பன் வைத்தார்.

ராஜாவின் கழுத்துக்குக் குறுக்கே தலைமயிர் போல ஒரு கோடு. கோட்டின் ஒரு முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஓர் இடைவெளி. உடைசல் இருந்த இடம். எல்லாக் காசையும்விட இதில்தான் அது அகலம்.

அந்த மனிதர் உளியை வைத்திருக்கிறார். அழுத்திப் பிடித்திருக்கிறார். அடிக்கவில்லை.

டீச்சர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“ஏனுங்க டீச்சர் அடிக்கலை?”

“தெரியலீங்கண்ணா.”

டீச்சர் வாயிலிருந்து இந்த வார்த்தையைச் சென்னியப்பன் கேட்டதில்லை.

கை ஓய்ந்துபோயிருக்கும் என்றார் சென்னியப்பன்.  இந்த ராஜாவை வெட்டியவருக்குப் பிடித்திருக்குமோ என்றார்.  பிறகு, அந்த நிமிஷத்திலேயே அவருக்கு ஏதாவது, என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கமாட்டாமல் நிறுத்திக்கொண்டார். சென்னியப்பன் கண் கலங்கியிருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் அப்படியொரு மனிதர் இருந்ததே அவருக்குத் தெரியாது.

டீச்சர் காசைக் கருங்கல்லின் மேல் வைத்தார். கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

கையில் ஒன்றும் எடுக்கவில்லை. அந்த இடக்கைக்காரர் உளியைப் பிடிப்பது போல வலது கையைக் காசின் மேல் நிறுத்தினார். சுத்தியலை ஓங்குவது போல இடது கையைத் தூக்கினார்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

தெருவில் ஒரு பஸ் போயிற்று. பக்கத்து வீட்டில் யாரோ தாளித்துக்கொட்டினார்கள். மல்லிகைச் செடியில் ஒரு குருவி வந்து உட்கார்ந்து, பறந்து போயிற்று.

டீச்சர் மெல்லத் தலையைத் திருப்பினார். தன் பேர் காதில் விழுந்தவர்கள் திரும்புவார்களே, அப்படி. வீட்டின் உள்பக்கமாக. முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. ஓங்கிய கை இறங்கியது. இல்லாத சுத்தியலைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். இல்லாத உளியை அதன் மேல் சாய்த்து வைத்தார். முழங்காலில் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

சென்னியப்பனும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நடையில் யாரும் இல்லை.

“போங்க,” என்றார் அவர், கல்லின் மேலிருந்த காசைப் பார்த்து. “கூப்பிடறாங்க.”